ப்ராஜெக்ட் மேனேஜரா, புரோகிராம் மேனேஜரா? அப்போலோவில் யார் வேலை எது

பத்து பேர் என்றால் ப்ராஜெக்ட், நூறு பேர் என்றால் புரோகிராம் என்று ஆள்கணக்கில் பிரிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மனிதரை நிலவுக்கு அனுப்பிய அமெரிக்காவின் அப்போலோவை எடுத்துப் பார்த்தால் அது சரிப்படாது என்று தெரியும்.

நிலவில் இறங்கும் கலத்தைக் கட்டும் பொறுப்பு க்ரம்மன் கம்பெனிக்கு. ஆயிரக்கணக்கானோர் உழைத்தாலும் அது ப்ராஜெக்ட்தான், ஏனென்றால் என்ன பொருள், எந்தத் தேதி, எவ்வளவு எடை என்று எல்லாம் முன்பே வரையறுத்தாயிற்று. எடைதான் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் இருக்கைகளையே எடுத்துவிட்டார்கள். வீரர்கள் நின்றபடி ஓட்டுவதால் முகம் கண்ணாடிக்கு அருகே போனது, அதனால் ஜன்னலையும் சிறிதாக்க முடிந்தது. இப்படி ஒவ்வொரு கிராமுக்கும் மல்லுக்கட்டுவதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்படியும் 1968-ல் கலம் தாமதமானது. ஏவுதளத்துக்கு வந்து சேர்ந்ததிலும் குறைக்கு மேல் குறை. ப்ராஜெக்ட் மேனேஜரிடம் கேட்டால், சரிசெய்கிறோம், தேதியைத் தள்ளுங்கள் என்பார், அவர் சொல்வதும் நியாயமே. ஆனால் ராக்கெட் வேலை ஹன்ட்ஸ்வில்லில், வீரர்களை நிலவுவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் தாய்க்கலம் கலிஃபோர்னியாவில், அவரவர் அட்டவணை அவரவருக்கு. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டுமே! அந்த ஆகஸ்டில், ஹூஸ்டனில் விண்கலங்களுக்குப் பொறுப்பான ஜார்ஜ் லோ, இறங்குகலம் இல்லாமலேயே அப்போலோ 8-ஐ நிலவைச் சுற்ற அனுப்பலாம் என்றார். அப்போலோ இயக்குநர் சாமுவேல் ஃபிலிப்ஸ் அதை ஆதரித்தார், மேலிடமும் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 21 அன்று அப்போலோ 8 கிளம்பியது, இறங்குகலச் சோதனை 1969 மார்ச்சில் அப்போலோ 9-க்குப் போனது, ஜூலையில் நிலவில் இறங்கியாயிற்று.

க்ரம்மனின் தாமதம் தாமதமாகவேதான் இருந்தது. பயணங்களின் வரிசையை மாற்றி, அறுபதுகள் முடிவதற்குள் நிலவு என்ற இலக்கைக் காப்பாற்றியது புரோகிராம்.

அதனால், உங்களுக்குப் புரோகிராம் மேனேஜர் பதவி தருகிறார்கள் என்றால் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ஒரு ப்ராஜெக்டை நிறுத்திவைக்கவோ, அதன் ஆட்களை இன்னொன்றுக்கு மாற்றவோ எனக்கு அதிகாரம் உண்டா? இல்லை, எல்லாருடைய ஸ்டேட்டஸையும் ஒரே எக்செல்லில் சேர்த்து வெள்ளிக்கிழமை மெயில் போடுவதுதான் வேலை என்றால், ஒரு நல்ல ப்ராஜெக்டை முழுசாக முடித்துக் கொடுக்கும் இடத்திலேயே நான் இருப்பேன்.