மேக்ரோவை எங்கே குடிவைப்பது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து வரும் மல்லிகையை எடைபோட்டு, அன்றைய விலையால் பெருக்கி, கமிஷனையும் முன்பணத்தையும் கழித்து ஆளுக்கொரு சிட்டை அடித்துத் தரவேண்டும். ஒரே பட்டனில் இது முடியும்படி எக்செலில் ஒரு மேக்ரோ, அதாவது வேலைகளைத் தானே வரிசையாகச் செய்யும் சிறு நிரல், எழுதினேன். என் லேப்டாப்பில் பிசகில்லாமல் ஓடியது. கோப்பைக் கடைக் கணினிக்கு மாற்றிய மறுநாள், இருட்டு விலகுமுன் போன் வந்தது. “தம்பி, பட்டன் இருக்கிறது. அமுக்கினால் மேக்ரோவைக் காணோம் என்கிறது.”

காணாமல் போக அது என் லேப்டாப்பை விட்டுக் கிளம்பவே இல்லை. மேக்ரோவைப் பதிவு செய்யத் தொடங்கும்போது, அதை எங்கே சேமிப்பது என்று எக்செல் கேட்கும். நான் ‘பெர்சனல்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படிச் செய்தால் அது எக்ஸ்எல்ஸ்டார்ட் என்ற ஃபோல்டரில் உள்ள ஒரு மறைவான பணிப்புத்தகத்துக்குள் (எக்செல் கோப்புக்குள்) போய் உட்கார்ந்துகொள்ளும். எக்செல் திறக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே திறக்கும். எந்தக் கோப்பிலும் பயன்படும். ஆனால் அது விண்டோஸ் பயனருக்கு உரியது. அதே கணினியில் வேறொருவர் லாகின் செய்தால்கூட அவருக்குக் கிடையாது. எனக்கே எனக்கான சில்லறை வேலைகளுக்கு, காலி வரிசைகளை நீக்குவது, தேதிகளைச் சீராக்குவது போன்றவற்றுக்கு, இதைவிட வசதியான இடமில்லை. அடுத்தவர் பட்டனை அமுக்கப்போகிறார் என்றால் இந்த இடம் ஆகாது. எப்போதாவது நம் கணினியிலேயே இது மாயமாவதும் உண்டு: எக்செல் பாதியில் முடங்கிவிட்டால் இந்தப் புத்தகத்தை முடக்கப்பட்டவற்றின் பட்டியலில் தள்ளிவிடும். ஆப்ஷன்ஸில் ஆட்-இன் பகுதிக்குப் போய் அங்கிருந்து மீட்கலாம்.

அடுத்த வழி, மேக்ரோவைக் கோப்புக்குள்ளேயே வைத்து, மேக்ரோவைத் தாங்கும் எக்ஸ்எல்எஸ்எம் வடிவத்தில் சேமிப்பது. கோப்பு போகும் இடமெல்லாம் மேக்ரோவும் போகும். கேட்க எளிது, இரண்டு இடத்தில் அடி வாங்கினேன்.

முதல் அடி கடையிலேயே விழுந்தது. 2007 பதிப்பிலிருந்து எக்செலின் வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் மேக்ரோவைத் தாங்காது. அந்த வடிவத்தில் சேமிக்கப் போனால், மேக்ரோ இல்லாமல் சேமிக்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் ‘ஆம்’ என்றுதான் அமுக்குவார். கோப்பை மூடும்வரை மேக்ரோ நினைவகத்தில் இருப்பதால் அன்று முழுவதும் பட்டன் வேலை செய்யும். மறுநாள் திறந்தால்தான் இருக்காது. அதனால் செய்தவரே தான் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது அடி, அண்ணா நகரில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கோப்பை மெயிலில் அனுப்பியபோது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கும் விண்டோஸ் அப்படியொரு பிறப்பிட முத்திரை குத்துகிறது. மல்லிக்கு அது பெருமை, கோப்புக்கு அது சந்தேகம். முன்பு மஞ்சள் பட்டையில் ‘அனுமதி’ என்று அமுக்கினால் போதும். 2022 முதல் முத்திரை உள்ள கோப்பின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் அடியோடு தடுக்கத் தொடங்கியது. சிவப்புப் பட்டை வரும், அதில் அனுமதிக்கும் பட்டனே இருக்காது. கோப்பை மூடி, ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ கட்டத்தில் டிக் போட வேண்டும். பென்டிரைவில் கொண்டுபோன அதே கோப்பு ஓடியதும், மெயிலில் போனது ஓடாததும் முதலில் மாயமாகத்தான் தெரிந்தது. பென்டிரைவ்களில் வழக்கமாக உள்ள ஃபேட்32 என்ற கோப்புச் சேமிப்பு அமைப்பில் இந்த முத்திரை ஒட்டாது, அவ்வளவுதான். தினமும் டிக் போடச் சலிப்பவர்கள் ஒரு தனி ஃபோல்டரை ‘நம்பகமான இடம்’ என்று எக்செலின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள டிரஸ்ட் சென்டரில் பதிந்துகொள்ளலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் அப்படிப் பதிந்துவிடாதீர்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டை மாட்டுவது போலாகும்.

மூன்றாவது வழியான ஆட்-இன், அதாவது எக்செலோடு துணையாகச் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்எல்ஏஎம் கோப்பு, நிரல் எழுதுகிறவர்களின் செல்லப்பிள்ளை. பொதுவான மேக்ரோக்களை ஒரே கோப்பில் வைத்து, அலுவலக நெட்வொர்க்கில் போட்டுவிட்டால் எல்லாக் கணினிகளும் அதையே எடுத்துக்கொள்ளும். திருத்தம் செய்தால் ஒரே இடத்தில் செய்தால் போதும். பத்துப் பேர் பத்துக் கோப்புகளில் வேலை செய்யும் இடத்துக்கு இதுதான் சரி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘காணோம்’ என்ற புகார் இங்கேதான் விதவிதமாக வரும். ஆட்-இன்னில் உள்ள மேக்ரோக்கள், ஆல்ட்+எஃப்8 அமுக்கினால் வரும் மேக்ரோ பட்டியலில் தெரியாது. ரிப்பனில் பட்டன் வைக்காவிட்டால், இருந்தும் இல்லாததுதான். ‘திஸ்ஒர்க்புக்’ என்று நிரலில் எழுதியிருந்தால் அது பயனரின் கோப்பை விட்டுவிட்டு ஆட்-இன்னையே குறிக்கும். அங்கே இல்லாத ஷீட்டைத் தேடிப் பிழை காட்டும்.

இதைவிடத் தொல்லை, நாமே எழுதிய ஃபங்ஷன்கள். தொகையை எழுத்தால் எழுத ஒரு ஃபங்ஷனை ஆட்-இன்னில் வைத்திருந்தேன். ஆடிட்டர் அலுவலகத்தில் அந்தச் சிட்டையைத் திறந்தால், ஃபார்முலாவுக்குள் என் லேப்டாப்பின் ஃபோல்டர் முகவரி நீளமாக நிற்கிறது. கட்டத்தில் பெயர் தெரியவில்லை என்ற பிழை. அங்கே ஆட்-இன் நிறுவப்பட்டிருந்தும் வேறு ஃபோல்டரில் இருந்ததுதான் காரணம். டேட்டா பகுதியின் ‘எடிட் லிங்க்ஸ்’ வழியாக மாற்றிக் கொடுத்தேன். எல்லாக் கணினியிலும் ஒரே முகவரியில் வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

எக்செலை விட்டே விலகிவிடலாமே என்று மகன் சொன்னான். கூகுள் ஷீட்ஸில் மேக்ரோவின் இடத்தில் இருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் ஷீட்டோடு ஒட்டியே இருக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் இருக்கும், ஒவ்வொருவரும் முதல் முறை அனுமதி தந்தால் போதும். ஒரு விஷயத்தில் இதன்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. அங்கே நிரலுக்குள் தமிழை நேராக எழுதலாம். எக்செலில் மேக்ரோ எழுதும் விபிஏ மொழியின் எடிட்டரில் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். ‘க’ வேண்டுமென்றால் அதன் யூனிகோட் எண்ணான 2965-ஐக் கொடுத்து வரவழைக்க வேண்டும். ‘ரூபாய் மட்டும்’ என்று எழுத ஒரு மாலை போனது. ஆனாலும் பூக்கடைக்கு ஷீட்ஸ் ஒத்துவரவில்லை. பழைய நிரலை அப்படியே கொண்டுபோக முடியாது, ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத வேண்டும். நெட் போனால் சிட்டை நிற்கும். கடைப் பிரிண்டருக்கு நேரடியாக அச்சுக் கட்டளை அனுப்ப ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு வழியில்லை, எனக்கு அதுதான் முக்கியம். விவசாயி கையில் சீட்டைக் கொடுத்தால்தான் அவர் பஸ் ஏறுவார். முதலாளி போனில் பார்க்கும் விலைப்பட்டியலை மட்டும் அங்கே மாற்றிக் கொடுத்தேன். எக்செலின் போன் செயலியில் மேக்ரோ எப்படியும் ஓடாது.

இப்போது கடைச் சிட்டை எக்ஸ்எல்எஸ்எம் கோப்பாக, நம்பகமான தனி ஃபோல்டரில் இருக்கிறது. தொகையை எழுத்தாக்கும் ஃபங்ஷனையும் ஆட்-இன்னிலிருந்து நகலெடுத்து அதே கோப்புக்குள் ஒட்டிவிட்டேன். ஒரே நிரலை இரண்டு இடத்தில் வைக்கலாமா என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். போனில் எழுப்பப்படுவது அவர்கள் இல்லை.

ஒன்று மட்டும் புதிதாகச் சேர்த்தேன். கோப்பைச் சேமித்து மூடும்போது மேக்ரோ மற்ற ஷீட்களை மறைத்துவிட்டு ஒரே ஒரு ஷீட்டைத் தெரியவிடும். அதில் பெரிய எழுத்தில் ‘மேக்ரோ இயங்கவில்லை. மேலே உள்ள பட்டை என்ன நிறம்?’ என்று எழுதியிருக்கிறது. மேக்ரோ இயங்கினால் திறந்தவுடன் அது மறைந்து மற்றவை வந்துவிடும். அந்த ஃபோல்டருக்கு வெளியே, மெயிலில் வந்த பிரதியைத் திறந்துவிட்டால் இப்போதும் விடிகாலையில் சில நாள் போன் வருகிறது. ‘காணோம்’ என்று சொல்வதில்லை. “தம்பி, சிவப்பு” என்கிறார்கள்.