மாதக்கணக்கில் வீடு கேட்பவர்கள்: பீடோங்கிலிருந்து ஏர்பிஎன்பி சேவைக்கு ஒரு மதிப்பீடு

தோட்டத்தை விட்டு வெளியேறியபோது என் பெற்றோர் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீட்டை, எட்டு மாதங்களுக்கு முன்பு, வீடுகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையத் தளத்தில் பதிவு செய்தேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வந்து இரண்டு இரவு தங்கிச் செல்வோரால் எனக்கு ஒரு தொல்லையும் ஏற்பட்டதில்லை. மாதக்கணக்கில் வீடு வேண்டும் என்று வந்த விசாரிப்புகள்தாம் தூக்கத்தைக் கெடுத்தன. ஆகவே இம்மதிப்பீடு அச்சேவையின் நீண்டகாலத் தங்கல் பகுதியைப் பற்றியது மட்டுமே.

பீடோங் போன்ற ஊரில் ஒருவர் இரண்டு மாதம் தங்குவதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. பக்கத்தில் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை இருக்கிறது. சுங்கை பத்து அகழாய்வுத் தளத்துக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஒப்பந்தப் பணியில் வருவோரும் சில சமயம் இவ்வளவு தூரம் தள்ளி வீடு தேடுகிறார்கள். உண்மையாகவே வர நினைப்பவர் பெரும்பாலும் நாம் கேட்பதற்கு முன்பே இவற்றுள் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

எனக்கு வந்த முதல் நீண்டகால விசாரிப்பில் அப்படி ஒன்றும் இல்லை. கடலடி எண்ணெய்க் குழாய்ப் பொறியாளர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் 60 இரவுகள் கேட்டார். பீடோங்கைச் சுற்றிச் செம்பனையும் பால்மரமும் உண்டு. எண்ணெய்க் கிணறு கிடையாது. எத்தனை அறைகள், குளிர்சாதனம் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று எதையும் அவர் கேட்கவில்லை. வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவும் இல்லை. மாறாக, தம் நிறுவனம் வாடகைக்கும் அதிகமான தொகைக்குக் காசோலை அனுப்பும் என்றும், மிச்சத்தைச் சாமான் கொண்டுவரும் லாரிக்காரரின் கணக்குக்கு நான் மாற்றிவிட வேண்டும் என்றும் எழுதினார். முன்பதிவு உறுதியாகும் வரை செய்திகளில் தொலைபேசி எண்களைத் தளம் மறைத்துவிடும் என்பதால், தம் புலன (வாட்ஸ்அப்) எண்ணை ஒவ்வோர் இலக்கமாக எழுத்தில் பிரித்து அனுப்பியிருந்தார். அந்த ஒரு செயலே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

காசோலைத் தந்திரம் பழையது. காசோலை செல்லாது என்று வங்கி திருப்புவதற்குள் நாம் அனுப்பிய ‘மிச்சம்’ நம் சொந்தப் பணத்திலிருந்து போயிருக்கும். தளத்துக்குள் இதற்கு வழியே இல்லை: விருந்தினரிடமிருந்து தளமே பணத்தை வாங்கி, அவர் வந்து சேர வேண்டிய நேரத்திலிருந்து ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்து நமக்கு விடுவிக்கிறது, 28 இரவுகளும் அதற்கு மேலும் என்றால் மாதாமாதம் தருகிறது. இந்த ஏற்பாட்டை நான் முழு மனத்துடன் பாராட்டுகிறேன். வெளியே யாரேனும் வங்கிக் கணக்கு எண் கொடுத்தால், மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல் துறையின் செமாக் மூல் தளத்தில் அதை இட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997ஐ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது.

இரண்டாவது விசாரிப்பு என்னை இன்னும் அதிகமாகக் கலங்கவைத்தது. மூன்று மாதம் கேட்டவர் கட்டில், மெத்தை எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்றும், மின்சாரம் மும்முனை இணைப்பா என்றும், மீட்டர் பெட்டி எந்தப் பக்கம் என்றும் மட்டுமே கேட்டார். பிட்காயின் போன்ற மின்னியல் நாணயங்களை உருவாக்கும் ‘சுரங்க’க் கணினிகளை வாடகை வீடுகளில் அடுக்கி, மீட்டரைத் தாண்டி மின்சாரம் திருடும் கும்பல்களை மின்வாரியமான தெனாகா நேஷனலும் காவல் துறையும் பல ஆண்டுகளாகப் பிடித்து வருகின்றன. மின்கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் விசாரணை முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். தொலைபேசி மோசடிக் கும்பல்களும் இப்படி அமைதியான தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை நாடுவதுண்டு. எத்தனை பேர், யார் யார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இங்கே ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். சிகாமாட்டிலிருந்து ஓர் அம்மா 40 இரவுகள் கேட்டபோது, கணக்குப் புதியது, முந்தைய மதிப்புரை ஒன்றுகூட இல்லை என்பதற்காக அவரை மறுக்க இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான், “தங்கச்சி, முதல்ல என்னன்னு கேட்டுப் பாரு” என்றார். கேட்டேன். மகள் மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறாள், சோறு ஆக்கும் சட்டி உண்டா, சாமி விளக்கு ஏற்றலாமா, இரவில் தெருவிளக்கு எரியுமா என்று அடுக்கினார். வந்து தங்கினார், வீட்டை நான் கொடுத்ததைவிடச் சுத்தமாகத் திருப்பித் தந்தார். புதிய கணக்கு என்பது மட்டும் சந்தேகத்துக்குப் போதாது. பெயரையும் இனத்தையும் பார்த்து மறுப்பது தவறு, தளமும் அதை அனுமதிப்பதில்லை.

சேவைக் கட்டணம் மிச்சமாகும், நேரடியாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்களிடம் புதியவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தளத்துக்கு வெளியே பணம் வாங்குவது விதிமீறல். 30 லட்சம் அமெரிக்க டாலர் வரையிலான சேதப் பாதுகாப்பும் அத்துடன் போய்விடும். அதோடு, அது முறையான வாடகைக் குடியிருப்பாக மாறிவிட்டால், குடியிருப்பவர் வெளியேற மறுக்கும்போது பூட்டை மாற்ற நமக்கு உரிமை இல்லை. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செல்லுபடியாகும் கடப்பிதழோ அனுமதியோ இல்லாத வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் குடிநுழைவுச் சட்டமும் நம்மேல் பாயும்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். பணப் பாதுகாப்புக்கும் செய்தியிலிருந்தே புகார் செய்யும் வசதிக்கும் அந்த நான்கு. நீண்டகால விசாரிப்பு வரும்போது, பயண நோக்கத்தையும் தங்குவோர் எண்ணிக்கையையும் புதிய வீட்டுக்காரர் கட்டாயம் கேட்கும்படி தளமே நினைவூட்டியிருந்தால் ஐந்தும் தந்திருப்பேன். இப்போது என் வீட்டுக்கு அதிகபட்சம் 45 இரவுகள் என்று வரம்பு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வேண்டுவோர் முதலில் ஒரு மாதம் தங்கட்டும். நடுவில் நானே ஒருமுறை நேரம் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்து வருவேன், பிறகு நீட்டித்துக்கொள்ளலாம்.