காத்து வேகத்த அளக்க எது நல்லம்: கப்பா, பிட்டோ குழாயா, சூடாக்குன தெர்மிஸ்டரா?

தேயில பெக்டரியில நைட் வேல பாக்குற எங்க மாமா ஒரு நாள் வந்து கேட்டாரு, "மருமகனே, கொழுந்து வாட்டுற தொட்டியில ஃபேன் இருக்குற பக்கம் நல்லா வாடுது, கடைசி முனையில பச்சையாவே கெடக்கு, அந்தப் பக்கம் காத்து எவ்வளவு போகுதுனு அளக்க ஏதாச்சும் செய்ய ஏலுமா?" இத்தன வருசமா அவரு கொழுந்து மேல உள்ளங்கைய வச்சுதான் காத்து பாக்குறாரு. அதுக்காக மூணு விதமா சென்சார் செஞ்சு பாத்தேன், மூணுமே ஆர்டுயினோ நானோங்குற, புரோகிராம் போடக்கூடிய சின்ன போர்டுலதான்.

மொதல்ல கப் சுத்துறது. டேபிள் டென்னிஸ் பந்த ரெண்டா வெட்டி மூணு கிண்ணம், பழைய ஹார்ட் டிஸ்க்ல கழட்டுன பேரிங், ஒரு சின்ன காந்தம், காந்தம் கிட்ட வர்றப்ப எல்லாம் ஒரு பல்ஸ் குடுக்குற ஏ3144 ஹால் சென்சார், அவ்வளவுதான். அவுட்புட் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) போடணும், இல்லாட்டி பல்ஸ் வராது, அதோட இந்த ஐசிக்கு குறைஞ்சது 4.5 வோல்ட் வேணும், ஈஎஸ்பி32 போர்டுல இருந்து 3.3 வோல்ட் குடுத்துட்டு வேல செய்யலன்னு தேடிக்கிட்டு இருக்காதீங்க. வெட்டவெளிக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல. அப்புத்தள பக்கம் மலை இடுக்கால வர்ற காத்துக்கும் ஊவாவுல ஜூலை, ஆகஸ்ட்ல அடிக்கிற வறண்ட காத்துக்கும் இதத்தான் மாட்டுவேன், மழ பேஞ்சாலும் பனிமூட்டம் வந்தாலும் அதுபாட்டுக்கு சுத்தும். ஆனா மாமாவோட தொட்டியில கொழுந்துக்கு மேல வச்சா அசையவே இல்ல. கொழுந்துக்குள்ளால ஊர்ந்து வர்ற காத்துக்கு பேரிங்க தள்ள பலம் காணாது.

அடுத்தது பிட்டோ குழாய், அதாவது எதிர்ல வந்து மோதுற காத்தோட அழுத்தத்த வச்சு வேகத்த கணக்கு பாக்குற குழாய், எம்பிஎக்ஸ்வி7002 பிரஷர் சென்சாரோட. விமானத்துல வர்ற சாமான்னு ஆசப்பட்டு வாங்குறவங்க மொதல்ல கணக்க போட்டு பாருங்க. அந்த சென்சார் 1000 பாஸ்கலுக்கு 1 வோல்ட் குடுக்கும், நானோ வோல்ட்ட படி படியாத்தான் வாசிக்கும், அதோட ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட், அப்ப ஒரு படின்னா 4.9 பாஸ்கல். செக்கனுக்கு 1 மீட்டர் காத்து குடுக்குற அழுத்தம் வெறும் 0.6 பாஸ்கல்தான்! செக்கனுக்கு 3 மீட்டர் கிட்ட வந்தாத்தான் ஒரே ஒரு படி ஏறும். வோல்ட்ட இன்னும் நுணுக்கமா வாசிக்கிற 16 பிட் ஏடிஎஸ்1115 சிப் போட்டா படி சின்னதாகும், ஆனா சூடு மாற மாற சென்சாரோட சைபரே நகருது, அதுக்கு என்ன செய்றது?

இன்னொண்ணு, இது மலநாட்டு ஆளுங்களுக்கு முக்கியம். பிட்டோ கணக்குல காத்தோட அடர்த்தி வருது. எல்லாரும் காப்பி பண்ணிப் போடுற கோட்ல 1.2ன்னு (கன மீட்டருக்கு கிலோ கணக்குல) இருக்கும், அது கடல் மட்டத்துக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்க அடர்த்தி 1.0 கிட்டதான், அப்ப அந்த கோட் காட்டுற வேகம் உண்மையான வேகத்த விட கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவா இருக்கும். கப்புக்கு இந்தப் பிரச்சின அவ்வளவா இல்ல. குழாய்க்குள்ள வேகமா போற காத்துக்கு பிட்டோ நல்லம், தொட்டிக்கு வேணாம்.

கடைசியில மாமாவுக்கு சரிவந்தது, சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற தெர்மிஸ்டர்தான். ஒரே மாதிரி 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ரெண்டு, ஒண்ணோட 220 ஓம் ரெசிஸ்டர ஒட்டி 5 வோல்ட் குடுத்தா 0.11 வாட் சூடு, தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், மத்தது சும்மா காத்தோட சூட்ட பாக்கும். காத்து அடிக்க அடிக்க ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும், அதுதான் நம்ம அளவு. தெர்மிஸ்டர் தானா சூடாகட்டும்னு விட்டா 10 கிலோ ஓம்ல 5 வோல்ட்டுக்கு 2.5 மில்லிவாட்தான் வரும், அதுல ஒண்ணும் நடக்காது, நானும் மொதல்ல ரெண்டு நாள் அதுலதான் மினக்கெட்டேன்.

மெல்லிய காத்துக்கு இது ரொம்ப கூர்மை, 0.5ல இருந்து 1 மீட்டருக்கு போறது பளிச்சுனு தெரியும், 6க்கும் 7க்கும் வித்தியாசம் தேட வேணும், ஏன்னா சூடு போறது ஏறக்குறைய வேகத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். ரெண்டு விசயம் கவனிங்க. ஒண்ணு கரண்ட், மட்டமான போன் சார்ஜர் 4.7 வோல்ட் குடுத்தா சூடு 12 சதவீதம் குறையும், மீட்டர் அத காத்துன்னு நெனச்சிக்கும். ரெண்டாவது பனிமூட்டம், ஒரு விடியக்காலையில சன்னல் பக்கம் வச்சிருந்தேன், ரெசிஸ்டர் மேல கடுகு அளவுல ஒரு நீர்த்துளி நின்னு சூட்ட உறிஞ்சிக்கிச்சு, எல செத்த மாதிரி அசையாம இருக்க ஸ்க்ரீன்ல புயல் காத்து காட்டிச்சு. அதனால ஈரக் கொழுந்து மேல படாம ஒரு விரல் உசரத்துல கம்பி வளையத்துல தொங்கவிட்டேன்.

அளவு சரிபாக்குறதுக்கு கப்ப மோட்டர்சைக்கிள்ல கட்டிக்கிட்டு காத்தில்லாத காலையில போயிட்டு அதே ரோட்டுல திரும்பி வந்து சராசரி எடுத்தேன், நம்ம ஊர்ல நேரான ரோடு கிடைக்கிறதுதான் கஷ்டம். தெர்மிஸ்டருக்கு சன்னல் எல்லாம் சாத்துன ஹோல்ல 10 மீட்டர் டேப் விரிச்சு, சென்சார குச்சியில முன்னால நீட்டிப் புடிச்சு 10 செக்கன்ல நடந்தா 1 மீட்டர், 20 செக்கன்ல நடந்தா அரை மீட்டர். நம்ம ஊரு இருக்குற உயரத்துலயே நடந்து பாக்குறதால அடர்த்தி வித்தியாசமும் அதுக்குள்ளயே அடங்கிரும்.

இப்ப மாமா தொட்டியில அஞ்சு எடத்துல வச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிமிசம் பாத்து கொப்பியில எழுதுறாரு. கடைசி முனையில கொழுந்த கொஞ்சம் மெலிசா பரப்புனதும் நம்பர் ஏறுனத பாத்துட்டு, அடுத்த தொட்டிக்கும் ஒண்ணு செஞ்சு தர சொல்லியிருக்காரு.