அந்தமானில் டைவிங் முன்பதிவு செய்யப் போகிறீர்களா? என் 27,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

27,500 ரூபாய். எனக்கும் மச்சானுக்கும் சேர்த்து, இரண்டு நாள் டைவிங்குக்கு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஹேவ்லாக் தீவுக் கடலில் ஓடுகிற புரொப்பெல்லருக்கு அடியில் எங்களை நிறுத்தினார்கள். இப்போது ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்கிறார்கள். ஊர் வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சுற்றுலாவில் டைவிங், படகுச் சவாரி போன்றவற்றுக்கு முன்பதிவு செய்துதரும் ஒரு தளத்தில்தான் அந்த டைவிங் கடையைப் பிடித்தேன். வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் பெயர்களை இங்கே போடவில்லை. தொலைபேசியில் பேசியவர் நல்ல தமிழ் பேசினார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பமாம். நான் கேட்டவை இரண்டே கேள்விகள். புரொப்பெல்லரைச் சுற்றிக் கூண்டு உண்டா? வழிகாட்டி எஸ்எம்பி கொண்டுவருவாரா? (மேலே ஏறுவதற்கு முன் காற்று ஊதிக் கயிற்றோடு அனுப்புகிற நீள மிதவை அது. கீழே ஆள் இருக்கிறார் என்று படகுகளுக்குச் சொல்வது அதுதான்.)

"அண்ணா, விவரம் தெரிந்தவர்களை அழைத்துப்போவதுதான் எங்களுக்கும் நிம்மதி" என்றவர், உடனே ஒரு படம் அனுப்பினார். படகின் தளத்தில் பளபளக்கும் ஆரஞ்சு மிதவை, பக்கத்தில் வெள்ளைக் கயிறு சுற்றிய புது ரீல், பின்னால் இரும்புக் கூண்டுக்குள் புரொப்பெல்லர். கேட்ட இரண்டும் ஒரே படத்தில் இருந்தன. அப்போதே 27,500 ரூபாயையும் அனுப்பினேன்.

கரையில் நின்றது வேறு படகு. பின்னால் அவுட்போர்டு எஞ்சின். கூண்டு இல்லை, கீழே டைவர்கள் இருப்பதைச் சொல்லும் கொடியும் இல்லை. "அந்தப் படகு சர்வீஸுக்குப் போயிருக்கிறது அண்ணா" என்றார்கள். வழிகாட்டியின் இடுப்பில் மிதவை சுருட்டித் தொங்கியது. அதுவாவது இருக்கிறதே என்று ஏறினோம்.

மீன்களைப் பற்றி எழுதும் மனநிலையில் நான் இல்லை. நேராக ஐந்து மீட்டர் ஆழத்துக்கு வருகிறேன். மேலே ஏறும் வழியில் பாதுகாப்புக்காக நிற்கும் வழக்கமான மூன்று நிமிட நிறுத்தத்தில் வழிகாட்டி மிதவையைப் பிரித்தார். வெயிலில் வெளுத்து ஆரஞ்சே போய்விட்டிருந்தது. வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரிலிருந்து காற்றை விட்டார். பாதி நிறைவதற்குள் பக்கத்து ஒட்டு வழியாகக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க வேண்டிய மிதவை, தண்ணீர்மேல் தொய்ந்து படுத்துக்கொண்டது. அதைவிடக் கொடுமை, ரீலைக் கையில் பிடிக்காமல் தன் ஜாக்கெட்டில் கொக்கி போட்டு மாட்டியிருந்தார். கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித்தருவதைத்தான் செய்தார்.

எஞ்சின் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் ஒலி காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் வரும். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சொல்லாது. அண்ணாந்து பார்த்தபோது படகின் நிழல் தலைக்கு மேலேயே இருந்தது. எங்களை ஏற்றிவந்த அதே படகு! கயிறு விறைத்தது, வழிகாட்டி விருட்டென்று மேலே இழுபட்டார். பிளாஸ்டிக் கொக்கி உடைந்ததால் பிழைத்தார். மூச்சை அடக்கியபடி அப்படி இழுபட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். அதற்கு ஐந்து மீட்டர் ஆழமே தாராளம். நானும் மச்சானும் இன்னும் கீழே இறங்கி, காற்றுமானியைப் பார்த்தபடி எஞ்சின் அடங்கும்வரை காத்திருந்தோம். அதையும் படகோட்டி நிறுத்தவில்லை; கயிறு சிக்கித் தானாக நின்றது. மேலே வந்து பார்த்தால், புரொப்பெல்லர் அச்சில் நூல்கண்டு போலக் கயிறு இறுகியிருந்தது. ஓர் இறக்கையில் மிதவையின் கிழிசல் ஒட்டியிருந்தது.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,200 முறை சுழலும் மூன்று இறக்கைப் புரொப்பெல்லர் ஒரு விநாடியில் 160 முறை வெட்டும். 2000 டிசம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் அருகே, டைவர்களுக்கென ஒதுக்கிய பகுதியிலேயே, வேகமாக வந்த மோட்டார் படகு மோதிப் பாடகி கர்ஸ்டி மெக்கால் இறந்தார். மகன்களோடு டைவ் முடித்து மேலே வந்த நேரம் அது.

கடைக்காரரோ, "கடலில் இதெல்லாம் சகஜம் அண்ணா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்றார். இரண்டாம் நாள் வரமாட்டோம், பணத்தைக் கொடுங்கள் என்றதும் அண்ணா 'சார்' ஆகிவிட்டார். "சார், படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." சரி, அந்தப் படம்? "அது மாதிரிப் படம் சார்." யார் படகோ, யார் மிதவையோ! பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்று கையை விரித்தார். தளத்தைக் கேட்டால், கடையிடம் பேசுங்கள் என்றார்கள். மறுபடி எழுதினேன். 'சேவை பயன்படுத்தப்பட்டதால் புகார் முடிக்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த முன்பதிவுக்கு 500 ரூபாய்க் கூப்பன். 27,500 ரூபாயை விழுங்கிவிட்டு 500 ரூபாய்க் கூப்பன்! அதுவும் அவர்களிடமே மீண்டும் போனால்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

டைவிங் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. படத்தை நம்பாதீர்கள், அன்று ஏறப்போகும் படகையே வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். டைவர்களுக்கான அந்த நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி பறக்கிறதா என்று பாருங்கள். மிதவையும் ரீலும் சொந்தமாக வாங்கி, கரையிலேயே ஊதிச் சோதித்துவிடுங்கள். ரீலை உடம்பில் மாட்டாதீர்கள். எஞ்சின் முழுதாக நின்றபிறகே ஏணியை நெருங்குங்கள். 'நியூட்ரலில்தான் இருக்கிறது' என்பதை ஏற்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். எனக்கு இன்னும் தரவில்லை.