திடீரென அணையும் மேசைக் கணினி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினி ஒன்றைப் பல ஆண்டுகளாக எழுத்து வேலைக்கும் காணொளித் தொகுப்புக்கும் அவ்வப்போது விளையாட்டுக்கும் பயன்படுத்தி வருகிறேன். நெடுங்காலம் எந்தத் தொல்லையும் தராதிருந்த அந்தக் கணினி, ஒரு கட்டத்தில் வேலையின் நடுவே அணையத் தொடங்கியது. கோளாற்றைத் தேடுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது கணினி எந்த விதத்தில், எந்த வேளையில் அணைகிறது என்பதைத்தான் என்பது என் கருத்து. எதையும் கழற்றுவதற்கு முன்பே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடக்கூடிய தகவல் அது.

விண்டோஸ் தானே முறைப்படி மூடிக்கொள்வது ஒரு வகை. கடும் பிழையை அறிவிக்கும் நீலத்திரை தோன்றி மறுதொடக்கம் ஆவது இன்னொரு வகை. விசிறி, விளக்கு, திரை எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோவது மூன்றாவது வகை. முதலிரண்டில் மென்பொருளுக்கும் பங்கு இருக்கலாம். மூன்றாவது வகையில் பெரும்பாலும் மின்சாரமோ வெப்பமோதான் காரணம். நீலத்திரை கண்ணில் படும் முன்பே மறுதொடக்கம் நிகழ்ந்துவிடுவதும் உண்டு என்பதால், சிஸ்டம் அமைப்புகளில் பிழை ஏற்பட்டால் தானாக மறுதொடக்கம் செய்யும் தேர்வை முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது. என் கணினி மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர்’ என்ற பெயரில் 41 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கும். பலர் இதையே நோயின் பெயராக எண்ணி, அந்த எண்ணுக்கு மருந்து தேடி அலைகிறார்கள். மின்சாரம் அறுந்த கணத்தில் கணினியால் எதையும் எழுத முடியாது. அடுத்த முறை இயங்கத் தொடங்கும்போது, சென்ற முறை தான் முறையாக மூடப்படவில்லை என்று கண்டு அது எழுதி வைக்கும் குறிப்புதான் 41. அதன் உள்விவரத்தில் பக்செக் குறியீடு, அதாவது நீலத்திரைப் பிழையின் எண், பூஜ்யமாக இருந்தால், நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகாமலே கணினி நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மாறாக 1074 என்ற பதிவு இருந்தால், ஏதோ ஒரு நிரலோ பயனரோ கட்டளையிட்டே கணினி மூடப்பட்டிருக்கிறது; அதைத் தேடும் வழி முற்றிலும் வேறு.

வெப்பத்தைச் சோதிக்க, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் அளவீடுகளைத் தொடர்ந்து கோப்பில் பதியவிட்டால் போதும். கணினி அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால், அணையும் முன் இருந்த வெப்பநிலை தெரிந்துவிடும். இக்காலப் புராசசர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால்தான் தம்மை அணைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பத்தால் அணையும் கணினி, அதற்கு முன் பெரும்பாலும் மந்தமாகும், விசிறி இரையும். என் பதிவில் கடைசி வரி 70 டிகிரியை ஒட்டியே இருந்தது. தூசியைத் துடைத்து, புராசசரின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததை மாற்றியதில் விசிறியின் இரைச்சல் குறைந்தது, அணைவது குறையவில்லை.

ராம் பழுதானால் நீலத்திரையோ உறைந்துபோவதோதான் அதிகம். மெம்டெஸ்ட்86 சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு அந்த ஐயத்தையும் நீக்கினேன். விண்டோஸை மீண்டும் நிறுவச் சொல்லும் அறிவுரை எல்லாக் கோளாறுகளுக்கும் கிடைக்கிறது. அதற்கு முன் விண்டோஸ் ஏறும் முன் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலேயே கணினியைச் சில மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் குற்றவாளி அல்ல. அணையாவிட்டால் எதுவும் உறுதியாகாது, ஏனெனில் பயாஸில் கிராபிக்ஸ் அட்டைக்கு ஏறத்தாழ வேலையே இல்லை.

துப்பு கிடைத்தது அணையும் வேளையைக் குறித்து வைத்ததில்தான். காணொளி ஏற்றுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது அணையாத கணினி, அது தொடங்கும் கணத்தில் அணைந்தது; விளையாட்டின் நடுவே அணையாமல், புதிய காட்சி ஏறும்போது அணைந்தது. வெப்பம் ஏறுவதற்கு நேரம் வேண்டும். மின்சுமையோ நொடிக்கும் குறைவான நேரத்தில் துள்ளும். அணைந்தபின் முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் பதில் இல்லை. பின்புறச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் கணினி உயிர்பெற்றது. கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சுற்று விழுந்து பூட்டிக்கொள்வதன் அடையாளம் அது.

எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் வழியில் 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது என்பது மேசைக் கணினிகளுக்கான ஏ.டி.எக்ஸ். தரநிலையின் நெடுங்கால வரையறை. மல்டிமீட்டரில் என்னுடையது அந்த எல்லைக்குள்தான் இருந்தது. ஆயினும் சாதாரண மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்; சில மில்லிநொடிகள் மட்டும் நீடிக்கும் சரிவு அதன் கண்ணில் படாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இத்தகைய சரிவைத் தாங்கிப்பிடிக்கும் மின்னாற்பகுப்பு மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) வெப்பத்தில் மூப்படைகின்றன; ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஆகையால் நல்ல நிலையில் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை. பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம்; மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கழற்றும் கேபிள்களைப் புதியதில் செருகுவதும் கூடாது. இணைப்பிகள் ஒத்திருந்தாலும் அவற்றிலுள்ள ஊசிகளின் (pin) வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், வன்தட்டு கருகிவிடக்கூடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியபின் அந்தத் தொல்லை திரும்பவில்லை. நெடுநாள் கழித்துக் கணினி மறுபடி அணைந்தது. ஆனால் இம்முறை கணினி சும்மா இருக்கும்போதும் அணைந்தது, பொத்தானுக்கு உடனே பதில் தந்தது, வீட்டு விளக்கு சிமிட்டும்போது மட்டும் நிகழ்ந்தது. சுமையோடு தொடர்பில்லாததால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராக, கணினி மாட்டப்பட்டிருந்த யூ.பி.எஸ்.ஸுக்குப் போனேன். அதன் ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளே தாங்கும். தீர்ந்துபோன பேட்டரியுடனும் பச்சை விளக்கு எரியும் என்பதால், அந்த விளக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. யூ.பி.எஸ்.ஸில் ஒரு மேசை விளக்கை மட்டும் மாட்டிச் சுவர்ச் சுவிட்சை அணைத்தபோது விளக்கும் உடனே அணைந்தது. பேட்டரியை மாற்றியபின் அதே விளக்கை வைத்து ஆண்டுக்கு இருமுறை சோதித்து, தேதியை யூ.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் எழுதி வைக்கிறேன்.