காடா, தோட்டமா, திரையா?

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு பள்ளியில் பேச்செடுத்தால், உடனே மூன்று யோசனை கிளம்பும். பஸ் பிடித்து ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்பார் ஒருவர். வளாகத்திலேயே தோட்டம் போடலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் விஆர் கண்ணாடி வாங்கலாம் என்பார்; கண்ணில் மாட்டினால் வேறோர் இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் திரை அது. மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இருக்காது என்பதால் எது முதலில் என்று பார்த்துவிடலாம்.

திரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு ஆழ்கடலைக் காட்ட வேறு வழி கிடையாது, அந்த வகையில் அது பெரிய உதவி. ஆனால் பார்வையற்ற பிள்ளைக்குக் காதில் விழுவது மட்டும்தான் மிச்சம். வலிப்பு உள்ள சிலருக்கு மின்னி மின்னி மறையும் ஒளியே ஆகாது. மண்ணும் கையில் ஒட்டாது.

காட்டுப் பயணத்தின் பலம் வேறு. பார்வையில்லாத ஒரு சிறுமி பெரிய மரத்தைக் கட்டிப்பிடிக்கிறாள். இரண்டு கையும் சந்திக்கவில்லை. பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அப்போதும் வட்டம் முடியவில்லை. 'பெரிய மரம்' என்ற சொல்லுக்கு அவளுக்கு அன்றுதான் அர்த்தம் கிடைக்கிறது. தொட்டிச் செடியில் இது நடக்காது.

ஆனால் பயணம் எங்கே உடைகிறது தெரியுமா? பெரும்பாலும் கழிப்பறையில். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையென்றால் பிள்ளை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும். அடுத்தது பாதை. தளர்வான ஜல்லியில் முன் சக்கரம் புதைந்துவிடும்; அப்புறம் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். தூக்குகிறவர்களுக்கு அது உதவி. தூக்கப்படுகிற பதினைந்து வயதுப் பையனின் முகத்தைப் பார்த்தால்தான் கதை புரியும். காது கேளாத பிள்ளைகளின் சிக்கல் யார் கண்ணிலும் படாது. வழிகாட்டி நடந்துகொண்டே பேசுவார், "அதோ பறவை" என்பார். பிள்ளை சைகை மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்த்து முடித்துத் திரும்புவதற்குள் பறவை போயிருக்கும். முதலில் சொல், நிறுத்து, பிறகு காட்டு: ஒரு பைசா செலவில்லாத திருத்தம் இது.

இடத்தையே இவர்களுக்காக அமைக்கவும் முடியும். அமெரிக்காவின் கொலராடோவில் 1967-லேயே பிரெய்ல் பலகைகள் வைத்து, பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டி ஒரு காட்டுப் பாதை போட்டார்கள். பலகையைவிடக் கயிறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பார்வையற்றவர்களில் பிரெய்ல் தெரியாதவர்களும் உண்டு. கயிறு எல்லோருக்கும் புரியும், யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடக்கலாம்.

இனி தோட்டம். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் எளிது: பயணம் வருஷத்துக்கு ஒரு நாள், தோட்டம் வாரா வாரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பயணத்தன்று பஸ், இரைச்சல், சாப்பாட்டு நேரம் எல்லாமே புதிது. தோட்டத்திலோ பாதை அதே பாதை, மாறுவது செடி மட்டும். போன வாரம் மொட்டு, இந்த வாரம் பூ. அறிவியல் பாடம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

மண்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தாளில் விட்டு, அறை அமைதியாக இருக்கும்போது காதை அருகில் வைத்தால் சரசரவென்று மெல்லிய சத்தம் கேட்கும். உடம்பில் உள்ள நுண்ணிய முட்கள் தாளைப் பிறாண்டும் சத்தம். காது கேளாத பிள்ளை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டினால் அதே முட்கள் சொரசொரவென்று தட்டுப்படும். ஒரே புழு, இரண்டு வழி. சுற்றுலாவின் அவசரத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

தோட்டத்தையும் கெடுக்க முடியும். பாத்தியை உயர்த்திக் கட்டிவிட்டு அடியை அடைத்துவிடுவார்கள். நாற்காலியில் இருப்பவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஒரு கையால் தோண்ட வேண்டியதுதான். அடியில் சுமார் 70 செ.மீ. இடம் விட்டால் முழங்கால் உள்ளே போகும், இரண்டு கையும் மண்ணுக்கு வரும். நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வேண்டும். 30 செ.மீ. ஏற்றத்துக்குச் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைத்தால் ஏற்றம் செங்குத்தாகிவிடும், பின்னால் தள்ள ஆள் தேவைப்படும். அப்புறம், காது, மூக்கு, தோல் என எல்லாப் புலனுக்கும் ஏதாவது வைக்கும் 'புலன் தோட்டம்' என்ற ஆர்வத்தில் நீரூற்று, காற்றுமணி, வாசனைப் பூக்கள் எல்லாவற்றையும் ஒரே மூலையில் திணிக்காதீர்கள். சத்தம் தாங்காத பிள்ளை அங்கே போகவே போகாது. எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் இருந்தால் அரளி, ஆமணக்கு பக்கமே வேண்டாம்.

ஆக, பணம் முதலில் தோட்டத்துக்கு. அது ஓடத் தொடங்கிய பிறகு பயணம், அதுவும் ஆண்டுக்கொரு புது இடமாக இல்லாமல் ஒரே இடத்துக்கு இரண்டு முறை. திரைக்கு அப்போது ஒரு வேலை வரும்: போகப்போகும் இடத்தை முந்தின வாரமே வகுப்பில் காட்டுவது. பாதை, உட்காரும் இடம், சாப்பிடும் இடம், கழிப்பறைக் கதவு உட்பட.