ஈ.கோலை ஒட்டுற ரெண்டு வழி: மூத்திரப்பையில ஒண்ணு, குடல்ல ஒண்ணு

ஈ.கோலைன்னா ஏதோ ஒரே கிருமின்னு நெனைக்கிறோம், ஆனா யூரினரி இன்ஃபெக்‌ஷன் தர்ற வகையும் பச்சக் குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு தர்ற ஈபெக் வகையும் நம்ம செல்லுல ஒட்டுற விதமே வேற.

மூத்திரப்பை வகைக்கு மேல பூரா பைலைன்னு மெல்லிசான இழைங்க, நுனியில ஃபிம்ஹெச்னு ஒரு புரோட்டீன், அது நம்ம செல் மேல ஏற்கனவே இருக்குற மேனோஸ் சர்க்கரையப் புடிச்சுக்கும். யூரின் ஓடி இழுக்க இழுக்க அந்தப் புடி தளராம இன்னும் இறுகும், இழையும் ஸ்பிரிங் மாதிரி நீண்டு குடுக்கும்.

ஈபெக் நம்மகிட்ட இருக்குறத மட்டும் நம்பி வர்றதில்ல. டிர்ங்குற தன்னோட புரோட்டீனையே நம்ம செல்லுக்குள்ள செலுத்திடும், அது செல் சவ்வுல வந்து நிக்கும், கிருமி மேல இருக்குற இன்டிமின் அதையே கெட்டியாப் புடிச்சுக்கும். 1997 வரைக்கும் இந்த டிர்ர நம்ம செல்லோட புரோட்டீன்னுதான் நம்பிட்டிருந்தாங்க! அப்புறம் செல்லுக்கு உருவம் குடுக்குற ஆக்டின்ங்குற அதோட சொந்த புரோட்டீன வெச்சே கிருமிக்கு அடியில ஒரு மேடை எழும்பும், அந்த இடத்துல சத்து உறிஞ்சுற மைக்ரோவில்லைங்குற குட்டி விரல் மாதிரி நீட்டல்கள் அழிஞ்சு போயிடும். என்னைக் கேட்டா ரெண்டுல இதுதான் பயங்கரம்.

தடுக்குறதுன்னு பாத்தா முதல் வகைக்கு மேனோஸ் பவுடர் குடிச்சா போதும்னு விக்கிறாங்க, கிருமி நம்ம செல்ல விட்டுட்டு அந்தச் சர்க்கரையப் புடிச்சுக்கும்ங்குற ஐடியா சரிதான், ஆனா 2024ல வந்த பிரிட்டன் ட்ரையல்ல திரும்பத் திரும்ப வர்ற இன்ஃபெக்‌ஷன் அதனால குறையல. ஈபெக்குக்கு அந்த வழியே இல்ல, குழந்தைக்கு உடனே ஓஆர்எஸ் குடுக்க ஆரம்பிங்க, சோர்ந்து போனா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.